காற்று பழகிய நகரம் – 12: மரமும் பசையும்

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு 1950 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. நாடு முழுவதற்கும் அப்போது இரண்டே ஸ்குவாட்ரன்கள். ஒன்று பம்பாயில், மற்றொன்று கல்கத்தாவில். குடியரசாகி இரண்டு மாதமே ஆன நாடு, கல்லூரி மாணவர்களுக்கு வானத்தைத் திறந்துவிட முன்வந்தது பெரிய காரியம்தான். ஆனால் ஒரு பயிற்சி விமானத்தில் ஆசிரியரோடு ஒரு மாணவர்தான் ஏற முடியும். மற்றவர்கள் தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். அவர்களும் விமானத்தோடு பழக ஒரு வழி இருந்தது. அதற்கு ஓடுபாதை வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். ஒரு மேஜை, ஒரு பிளேடு, ஒரு பிடி குண்டூசி, மெல்லிய மரத்தகடுகள், பசை. இவை போதும்.

ஏரோமாடலிங் என்ற இந்த வேலை விமானப் பிரிவின் பாடமாக இன்றும் நீடிக்கிறது. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் மாணவர்கள் தங்கள் கையால் கட்டிய விமானங்களைப் பறக்கவிட்டுப் போட்டியிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பொம்மை விளையாட்டாகத் தெரியலாம். இந்த அத்தியாயம் அதைப் பற்றித்தான். மரத்தை அறுத்துப் பசை தடவிச் செய்யும் ஓரடிச் சிறகுக்கும், ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்த உண்மையான சிறகுக்கும் விதி ஒன்றே என்பதை பம்பாயின் ஈரக்காற்றும் இந்தியாவின் போர்க்கால வானமும் எப்படிக் காட்டின என்று பார்ப்போம்.

சென்ற அத்தியாயத்தில் ஜூஹுவில் நின்றிருந்தோம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டையோடு வந்து இறங்கிய மைதானம் அது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலைச் சென்னைக்குக் கொண்டுபோனார். அந்த விமானத்தின் பெயர் புஸ் மாத். அதன் உடல் பற்றவைத்த எஃகுக் குழாய், சிறகுகளோ மரம். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, டோப் என்ற செல்லுலோஸ் வார்னிஷ் பூசி விறைக்கச் செய்திருந்தார்கள். இந்தியாவின் விமானத் தபால் சேவை மரச் சிறகில் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. மழைக்காலத்தில் ஜூஹு மைதானம் சேறாகிவிடும். அந்த மாதங்களில் டாடா விமானங்கள் புனாவிலிருந்து இயங்கின. மழை என்ற இந்தப் பாத்திரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அது கூடவே வரும்.

மாதிரிதான் முதலில் பறந்தது

விமானம் வந்த பிறகு அதைப் பார்த்துப் பொம்மை செய்தார்கள் என்று நினைப்பது இயல்பு. வரலாறு நேர்மாறானது. இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1804-ல் ஒரு நீண்ட கழியின் மேல் பட்டத்தைச் சற்றுச் சாய்த்துச் சிறகாகப் பொருத்தினார். பின்முனையில் திருப்பி வைக்கக்கூடிய வாலைச் சேர்த்தார். முன்னால் சிறகு, பின்னால் வால் என்று இன்று நாம் காணும் விமானத்தின் உருவம் அந்த மாதிரியில்தான் முதலில் காற்றில் மிதந்தது. சங்கராந்தி நாளில் மும்பையின் மொட்டை மாடிகளிலிருந்து எழும் பட்டங்களுக்கு அந்த வரலாற்றில் இப்படி ஒரு நேரடிப் பங்கு உண்டு.

அடுத்த பெரிய அடியைப் பிரெஞ்சு இளைஞர் அல்ஃபோன்ஸ் பெனோ எடுத்து வைத்தார். 1871 ஆகஸ்ட் மாதம் பாரிசின் துயிலெரிஸ் தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் ஓடும் மாதிரி விமானத்தை அவர் பறக்கவிட்டார். அது 11 விநாடிகள் பறந்தது. அப்போது அவருக்கு வயது 21. அந்த 11 விநாடிகளில் யாரும் அதைக் கையால் திருத்தவில்லை, கயிற்றால் இழுக்கவில்லை. சிறகு நுனிகளை மேல்நோக்கி உயர்த்தியதும், வாலைச் சரியான கோணத்தில் வைத்ததும் அதைத் தானாகவே நிலைநிறுத்தின. முப்பதே வயதில் பெனோ இறந்துபோனார். அவருடைய ரப்பர் முறுக்கு மட்டும் உலகைச் சுற்றியது.

1878-ல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் தம் மகன்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருளை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், ரப்பர் ஆகியவற்றால் செய்த அது பெனோவின் வடிவத்தைத் தழுவியது. மகன்கள் வில்பரும் ஆர்வில்லும் அதைப் பார்த்துத் தாங்களே செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. ஏன் என்று அந்த வயதில் அவர்களுக்குப் புரியவில்லை. நீளத்தை இரு மடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். அந்தக் கணக்கைப் பின்னால் கற்றுத் தேர்ந்துதான் 1903-ல் அவர்கள் வானம் ஏறினார்கள். மாதிரி விமானம் கற்றுத்தரும் முதல் பாடம் இதுவே. எடையே எதிரி. ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

1927-ல் சார்லஸ் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது அமெரிக்கச் சிறுவர்களிடையே விமானப் பித்து மூண்டது. மாசசூசெட்ஸில் கில்லோ, சிகாகோவில் கோமெட் போன்ற நிறுவனங்கள் மரத்தகடும் வரைபடமும் டிஷ்யூ காகிதமும் அடங்கிய பெட்டிகளை விற்றன. பத்து சென்ட்டுக்குக்கூட ஒரு கிட் கிடைத்தது. இங்கிலாந்தில் கீல்கிராஃப்ட் அதே வழியில் வளர்ந்தது. 1935-ல் ஏரோமாடலர் என்ற பத்திரிகையே அங்கு தொடங்கியது.

இந்த விளையாட்டை அரசாங்கங்கள் எவ்வளவு மதித்தன என்பதற்கு ஒரு சான்று போதும். 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாதிரி விமானங்களைச் செய்து தரக் கேட்டது. எது நம் விமானம், எது எதிரி விமானம் என்று தொலைவிலிருந்தே அடையாளம் காண வீரர்களுக்குப் பயிற்சி தர அவை தேவைப்பட்டன. உண்மையான விமானத்தின் 72 அங்குலம் மாதிரியில் ஓர் அங்குலம் என்பது அளவு. அந்த 72-ல் ஒரு பங்கு அளவுதான் இன்றும் உலகெங்கும் விற்கும் மாதிரி விமானப் பெட்டிகளில் பெரிதும் காணப்படுகிறது.

இலவ மரத்தின் உறவு

கிட் பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் படுவது பால்சா. வெளிர் மஞ்சள் நிறம், தொட்டால் மெத்தென்ற பரப்பு. கையில் எடுத்தவுடன் வியப்பு வரும். ஒரு கனமீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ எடை என்றால், அதே அளவு பால்சா ஏறக்குறைய 160 கிலோதான். வெட்டிய மரத்தின் செல்களில் நிறைந்திருக்கும் நீரைச் சூளையில் உலர்த்தி எடுத்த பிறகு எஞ்சுவது நுண்ணிய வெற்றறைகளின் அடுக்கு. அதனால்தான் எடையும் இல்லை, ஆனால் இழையின் திசையில் வலுவும் குறையவில்லை.

பால்சாவின் தாயகம் தென் அமெரிக்கா. இன்றும் உலகின் பெரும்பகுதித் தேவையை ஈக்வடார்தான் நிறைவேற்றுகிறது. 1947-ல் தோர் ஹெயர்தால் பெருவிலிருந்து பசிபிக் கடலில் 101 நாள் மிதந்து சென்ற கோன்-டிக்கி மிதவையும் இந்த மரத்தில்தான் கட்டப்பட்டது. தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தனி நெருக்கம் உண்டு. பால்சா நம் ஊர் இலவ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைப் போலவே பால்சாக் காயும் வெடித்து விதையைப் பஞ்சோடு காற்றில் அனுப்பும். முள்ளிலவின் மரம் இந்தியாவில் தீக்குச்சிக்கு நெடுங்காலம் பயன்பட்டது. பம்பாயை அடுத்த அம்பர்நாத்தில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். லேசான மரத்தின் அருமையை அறிந்த நாடுதான் இது. விமானச் சிறகுக்கு வேண்டிய தரத்தில் பால்சா மட்டும் கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

பால்சாவில் எல்லாத் தகடும் ஒன்றல்ல. ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு தகடுகளில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு எடை இருக்கலாம். சிறகின் நீளவாட்டில் ஓடும் ஸ்பாருக்குக் கெட்டியான துண்டு வேண்டும். சிறகு நுனிக்கு மிருதுவானது போதும். ஒவ்வொரு தகட்டையும் விரலால் வளைத்துப் பார்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழையைப் பார்த்து, எது எங்கே என்று பிரிப்பது கிட் கட்டுபவரின் முதல் வேலை. பெட்டியில் வந்ததை வந்தபடி ஒட்டிக்கொண்டு போகிறவரின் விமானம் ஒருபக்கம் கனத்து, சுழன்று விழும்.

மேஜை மேல் ஒரு சிறகு

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஓரறை, ஈரறை வீடுகளில் இதைக் கட்ட இடமெங்கே என்று கேட்கலாம். ஒரு டிராயிங் போர்டு போதும். கட்டிலின் மேல் வைத்துக்கூட வேலை செய்யலாம். போர்டின் மேல் வரைபடத்தை விரிக்க வேண்டும். வரைபடம் விமானத்தின் முழு அளவில் இருக்கும். அதன் மேல் மெழுகுத்தாள், பசை வரைபடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.

உடல் கூட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு நீளக் குச்சிகள், இடையிடையே குறுக்குக் குச்சிகள். முதல் பக்கத்தை வரைபடத்தின் மேல் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். அதை எடுத்துவிடாமல் அதன் மேலேயே இரண்டாம் பக்கத்தைக் கட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் அச்சு மாறாமல் வரும். குண்டூசியைக் குச்சியின் ஊடே குத்தக் கூடாது. குத்தினால் இழை பிளந்துவிடும். இருபுறமும் ஒட்டினாற்போல் போர்டில் குத்தி, குச்சியை நடுவில் அணைத்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு குறுக்குக் குச்சியையும் தனித்தனியாக அளந்து, பிளேடால் ஒரே வெட்டில் துண்டித்து, முனையை உப்புத்தாளில் ஒருமுறை இழுத்து, இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விரலை எடுத்தாலும் விழாமல் தானாக நிற்க வேண்டும். அதன் பிறகுதான் பசை.

சிறகு அதைவிட நுட்பம். ரிப் என்ற விலாத் துண்டுகள் ஒரே வடிவத்தில் வர வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கிக் குண்டூசியால் கோத்து, கட்டாகப் பிடித்து உப்புத்தாள் போட்டால் வேற்றுமை மறையும். ஸ்பாருக்கான பள்ளத்தையும் கட்டாக வைத்தே வெட்டலாம். கட்டி முடித்த பின் இடது, வலது சிறகுகளை நடுவில் இணைக்கும்போது நுனிகளை மேல்நோக்கி உயர்த்த வேண்டும். பெனோ கண்ட அதே உயர்வு. விமானம் காற்றில் ஒருபக்கம் சாய்ந்தால் இந்த உயர்வு அதை மீட்டு நிமிர்த்தும். அந்த நடு இணைப்பில் இரண்டு மர முகங்களும் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பதிய வேண்டும். பறக்கும்போது சிறகின் சுமை முழுவதும் சேரும் இடம் அது.

பிறகு டிஷ்யூ காகிதம் போர்த்தி, மேலே நீர் தெளித்தால் காயும்போது காகிதம் சுருங்கி இறுகும். அதன் மேல் டோப். புஸ் மாத்தின் துணியை விறைக்க வைத்த அதே இனத்து வார்னிஷ், அதே வேலை. முறுக்கும் ரப்பர் அறுந்துபோகாமல் வழுக்க விளக்கெண்ணெய் தடவுவது பழைய வழக்கம். கடைசியாக எடைச் சமன். சிறகின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் இரு விரலால் தாங்கினால் விமானம் கிடைமட்டமாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கினால் முன்னால் சிறிது களிமண் சேர்க்க வேண்டும். அதன் பின்னரே ரப்பரை முறுக்காமல் கையால் மெல்ல எறிந்து, சறுக்கிப் போகிறதா என்று சோதிக்க வேண்டும்.

இத்தனையிலும் ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதைக் கட்டுமானமே சொல்லித் தருகிறது. தவறு எங்கே என்பதை விமானம் விழும் விதமே காட்டிவிடும். இடப்பக்கம் சுழன்று விழுந்தால் சிறகு முறுகியிருக்கிறது. மூக்கைத் தூக்கித் தூக்கி அலைந்தால் வால் கனம். நடுவில் முறிந்தால் இணைப்பு சரியில்லை. மாணவர் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பதில் சில விநாடிகளில் கிடைத்துவிடுகிறது.

1944: தரையில் நின்ற மாஸ்கிட்டோக்கள்

இணைப்பு சரியில்லை என்ற அந்த மூன்றாம் தவறு, உயிர்களைப் பலிகொண்ட அளவுக்குப் பெரிதாக நிகழ்ந்த கதை இந்தியாவில் நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் மாஸ்கிட்டோ என்ற போர் விமானத்தை மரத்தில் கட்டியது. 1940 நவம்பரில் அது முதன்முதலாகப் பறந்தது. அலுமினியம் அரிதாகிவிட்ட போர்க்காலம். மரச்சாமான் செய்யும் தச்சர்களோ ஏராளமாக இருந்தார்கள். இங்கிலாந்தின் ஹை விகோம்ப் பகுதி மேஜை நாற்காலித் தொழிலாளர்களின் கைகள் விமானம் கட்டத் திரும்பின. உடலின் ஓடு மூன்றடுக்கு: வெளியிலும் உள்ளிலும் பிர்ச் ஒட்டுப்பலகை, நடுவில் பால்சா. சிறுவர்களின் கிட் பெட்டியில் இருந்த அதே மரம். இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாக அச்சில் வார்த்து, உள்ளே கம்பிகளையும் குழாய்களையும் பொருத்திய பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். துப்பாக்கி எதுவும் ஏந்தாத அதன் குண்டுவீச்சு வகை, எதிரியின் பல போர் விமானங்களிடமிருந்து வேகத்தாலேயே தப்பியது. மொத்தம் 7,781 மாஸ்கிட்டோக்கள் கட்டப்பட்டன.

பர்மாப் போர்முனைக்காக இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைப்பிரிவுகளுக்கும் அவை வந்தன. 1944 இறுதியில் சிறகு முறிந்து விபத்துகள் நேர்ந்தன. அந்த நவம்பரில் இந்தியாவில் இருந்த மாஸ்கிட்டோக்கள் பறக்கத் தடை விதிக்கப்பட்டு, ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. கேசீன் என்ற பால்புரதப் பசையில் பூஞ்சையும் ஈரமும் பாயும் என்பது தெரிந்ததே. எனவே வெயிலையும் மழையையும் எல்லோரும் குற்றம் சொன்னார்கள். நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப்ரி டி ஹாவிலண்டின் சகோதரர் ஹியர்வார்ட் தலைமையில் ஒரு குழு இந்தியாவுக்கு வந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் வெளிப்பட்ட முக்கியக் குறை வேறு. சில விமானங்களில் மரத்தோடு மரம் சேரும் முகங்கள் சரியாகப் பதியாமலேயே ஒட்டப்பட்டிருந்தன. இடைவெளியைப் பசை நிரப்பும் என்று விட்டிருந்தார்கள். மிதமான நாட்டில் அது தாங்கியிருக்கக்கூடும். நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தக் குறை வெளிவந்துவிட்டது. மாஸ்கிட்டோவின் பசையும் கேசீனிலிருந்து, ஈரத்தைத் தாங்கும் ஃபார்மால்டிஹைடு வகைச் செயற்கைப் பசைக்கு மாறியது.

விபத்தில் இறந்தவர்களை எண்ணும்போது இதை வெறும் தொழில்நுட்பக் குறிப்பாகக் கடந்துபோக மனம் வரவில்லை. பசைக்குத் தன்னளவில் வலு குறைவு. நன்றாகப் பதிந்த இரண்டு மர முகங்களைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பொருத்தம் இல்லாத இடத்தில் எத்தனை பசை ஊற்றினாலும் அது இணைப்பாகாது. ஒரு குச்சியின் முனையை உப்புத்தாளில் இழுத்து, விரலை எடுத்தாலும் நிற்கிறதா என்று பார்க்கும் பள்ளி மாணவன், போர்க்கால அவசரத்தில் ஒரு தொழிற்சாலை தவறவிட்டதைச் செய்கிறான்.

பம்பாயின் மழையும் பழைய வச்சிரமும்

பம்பாயில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். மரம் இழையின் குறுக்கே ஈரத்தை உறிஞ்சி விரியும், நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. அதனால் ஒரே தகட்டில் ஒரு பக்கம் டோப் பூசி மறுபக்கம் விட்டுவிட்டால் இரவுக்குள் சிறகு கிண்ணமாக வளைந்துவிடும். இரு பக்கமும் பூசி, காயும்வரை போர்டில் பாரம் வைத்து நிறுத்துவதே மழைக்கால விதி.

டோப்பிலும் மழை தன் கையைக் காட்டும். பூசிய மறுகணம் கரைப்பான் வேகமாக ஆவியாகி, அந்தப் பரப்பைக் குளிர வைக்கும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படியும். பளபளப்பாக இருக்க வேண்டிய பூச்சு பால்வெள்ளையாக மங்கிவிடும். அழகு கெடுவது மட்டுமில்லை, அந்தப் பூச்சுக்கு இழுவிசையும் குறைவு. உண்மையான துணிச்சிறகு விமானங்களைப் பராமரித்த பட்டறைகளும் இதற்கு அஞ்சித்தான் ஈர நாளில் டோப் அடிப்பதைத் தவிர்த்தன. ஜூஹுவில் மழைக்காலம் என்பது ஓடுபாதையின் பிரச்சினை மட்டுமாக இருந்ததில்லை என்பதை இதிலிருந்து உணரலாம்.

சுதந்திரத்துக்குப் பின் இந்தக் கலைக்கு இன்னொரு தடை வந்தது. 1957-ல் அன்னியச் செலாவணி நெருக்கடி முற்றி, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. உணவுக்கும் இயந்திரத்துக்குமே டாலர் போதாத நாட்டில், பொழுதுபோக்குப் பொருளாகக் கருதப்பட்ட பால்சா கிட்டுகள் எளிதில் வந்து சேர வாய்ப்பில்லை. இந்த நிலையில் கல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் செய்த தொண்டு பெரிது. கிட்டுகளோடு அரோரா என்ற பெயரில் சின்னஞ்சிறு டீசல் என்ஜின்களையும் உள்நாட்டிலேயே அது தயாரித்தது. விமானப் பிரிவு தொடங்கிய இரண்டு நகரங்களில் ஒன்றிலிருந்தே உள்நாட்டு மாதிரி என்ஜினும் பிறந்தது பொருத்தம்தான்.

பம்பாயின் பங்கு பசையில் இருந்தது. தச்சர்கள் அதுவரை வச்சிரம் காய்ச்சித்தான் மரம் ஒட்டினார்கள். எலும்பையும் தோலையும் கொதிக்க வைத்துச் செய்த பசை. அடுப்பு வேண்டும், நாற்றம் தாங்க வேண்டும், சூடு ஆறுமுன் ஒட்டியாக வேண்டும். 1959-ல் பல்வந்த் பாரேக் பம்பாயில் தொடங்கிய நிறுவனம் ஃபெவிகால் என்ற வெள்ளைச் செயற்கைப் பசையைத் தந்தது. டப்பாவைத் திறந்தால் உடனே பயன்படுத்தலாம். சற்று நேரம் இணைப்பைத் திருத்திக்கொள்ள அவகாசமும் உண்டு. தச்சுக்காக வந்த இந்தப் பசை, மாதிரி விமானம் கட்டுபவர்களின் மேஜைக்கும் வந்து சேர்ந்தது. மாட்டுங்காவிலோ 1923 முதலே விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் இயங்கிவந்தது. வேதித் தொழில்நுட்பத் துறை 1933-ல் தொடங்கிப் பின்னர் அதே மாட்டுங்காவுக்கு வந்தது. பிளாஸ்டிக்கும் வார்னிஷும் அங்கே பாடமாகவே இருந்தன. எந்திரமும் வேதியியலும் ஒரு தெருத் தொலைவில் கிடைத்த பேட்டை அது.

கைகள் காத்திருக்கின்றன

இன்று லேசர் வெட்டிய கிட்டுகள் கிடைக்கின்றன. ரிப்புகளைப் பிளேடால் வெட்டும் சிரமம் இல்லை. பொருத்தம் இயந்திரத்திலேயே வருகிறது. போவாய் ஐ.ஐ.டி.யில் மாணவர்களின் ஏரோமாடலிங் குழு இயங்குகிறது. அங்கே படித்தவர்கள் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ், நாட்டின் முன்னணி டிரோன் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. ஆனால் ரிமோட்டால் பறக்கும் கருவிகளுக்கு மும்பையில் போலீஸ் தடையாணைகள் அடிக்கடி வருகின்றன. இரண்டு விமான நிலையங்கள் நடுவூரில் இருக்கும் நகரத்துக்கு அந்த எச்சரிக்கை தேவைதான். அதனால் இந்தக் கலை முடங்க வேண்டியதில்லை. ரப்பரால் ஓடும் லேசான உள்ளரங்க விமானம் ஒரு பள்ளிக் கூடத்தில், ஒரு சமாஜ மண்டபத்தில் பறக்கும். உலக அளவிலான உள்ளரங்கப் போட்டிகளில் இத்தகைய விமானங்கள் ஒரே முறுக்கில் அரை மணி நேரத்துக்கு மேல் மிதக்கின்றன.

இதற்கு ஏற்ற கைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், தாராவியைக் காட்டுவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் தொழிலில் காலூன்றிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. தோல் பையோ பெல்ட்டோ செய்பவர், ஓரத்தை மடித்து ஒட்டுமுன் அந்த ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்குவார். அப்போதுதான் மடிப்பு தடிக்காமல் படியும், ஒட்டு நிற்கும். விமானத்தின் ஸ்பாரை நீட்டிக்கும்போது இரண்டு துண்டுகளின் முனைகளையும் சாய்வாகச் சீவி ஒட்டுவதும் இதே அறிவுதான். அந்த அறிவு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைக்கு, அதுவே விமானவியலின் அடிப்படை என்று யாரும் சொல்வதில்லை. அப்பா கத்தி பிடிப்பதைத் தொழிலாகவும், பள்ளியில் படிப்பதை மட்டும் அறிவாகவும் பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு பள்ளி, வாரத்தில் ஒரு மாலை, பத்து டிராயிங் போர்டுகள். இவற்றால் அந்தப் பிரிவினையைத் தாண்ட முடியும் என்பது என் உறுதியான எண்ணம். செலவைப் பொறுத்தவரை இது ஒரு கிரிக்கெட் மட்டைக்கு மேல் போகாது. தேவைப்படுவது கற்றுக்கொடுக்க முன்வரும் பெரியவர்கள். விமான நிறுவனங்களிலும் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எத்தனையோ பேர் செம்பூரில் இருக்கிறார்கள். அவர்கள் நினைத்தால் இது அடுத்த மாதமே தொடங்கும்.

1950-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கிய விமானப் பிரிவு மாதிரியோடு நின்றுவிடவில்லை. மாணவர்கள் ஏறிப் பறக்க உண்மையான மரக் கிளைடர்களும் தேவைப்பட்டன. அவற்றை வெளிநாட்டில் வாங்காமல் நாமே வடிவமைக்கலாம் என்று தில்லியில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் துணிந்தது. எஸ். ராமாமிர்தம் என்ற வடிவமைப்பாளரின் கையிலிருந்து அஷ்வினியும், 1961-ல் பறந்த ரோகிணியும் வந்தன. இரண்டு பேர் அருகருகே அமரும் அந்த மர ரோகிணியில் எத்தனையோ மாணவர்கள் முதன்முறையாகத் தரையை விட்டு எழுந்தார்கள். நட்சத்திரங்களின் பெயர் சூடிய அந்தக் கிளைடர்களின் கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)